வீட்டுத் தளம் வெள்ளத்துக்கு மேலே நிற்குமா? மழைக்கு முன் மட்டம் பார்க்கும் முறை

சீர்காழியில் 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இரண்டாம் வாரத்தில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடிக் கணக்கில் இது ஏறக்குறைய ஒன்றரை அடி. வடிகால் அடைத்துக் கிடக்கும் சமதரையில், ஓர் ஆறும் உடைத்துக்கொள்ளாமல், மழைநீர் மட்டுமே நின்றாலும் முழங்கால் அளவு வந்துவிடும். மேட்டிலிருந்து ஓடி வருவதும் சேர்ந்தால் பள்ளத்தில் இருப்பவர்களுக்கு அது இடுப்பளவு. அடுத்த ஆண்டு, 2023 டிசம்பரில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். அதாவது மூன்று அடிக்கும் மேல்.

"எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே இல்லை" என்று சொல்லி வந்த பல குடும்பங்கள் இத்தகைய மழைகளில் விதை நெல் மூட்டைகளைப் பரண்மேல் ஏற்ற இடமின்றித் தவித்தன. வந்ததில்லை என்பது கடந்த காலத்துக் கணக்கு. வீட்டின் தளம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, வெள்ளம் எத்தனை அடி வரை ஏறும் என்ற இரண்டையும் அளந்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கிராமத்தில் மிகச் சிலரே. இதற்கு எஞ்சினீயர் வேண்டியதில்லை. அறுபது அடி கண்ணாடி டியூபும், இரண்டு ஆட்களும், ஒரு காலைப் பொழுதும் போதும். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்பே இதைச் செய்து முடித்துவிடுவது நல்லது.

தெரு உயர, வீடு தாழும்

முப்பது ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டும்போது தெருவுக்கு இரண்டடி மேலே பேஸ்மட்டம் எழுப்பியிருப்பார்கள். வாசலுக்கு மூன்று படி இருந்திருக்கும். பின்னர் கப்பி ரோடு போட்டார்கள். அதன்மேல் தார் போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டாமலே அதன்மேல் மறுபடியும் தார். கடைசியாக சிமெண்ட் ரோடு. ஒவ்வொரு தடவையும் மூன்று அங்குலம், நான்கு அங்குலம் என்று தெரு ஏறிவிட்டது. இப்போது வாசலில் ஒரு படிதான் மிஞ்சியிருக்கிறது. சில வீடுகளில் தெருவிலிருந்து உள்ளே இறங்கவே வேண்டியிருக்கிறது. வீட்டை யாரும் தாழ்த்தவில்லை என்பதால் வீட்டுக்காரருக்கு இது உறைப்பதில்லை. பழைய படிகளில் எத்தனை புதைந்து போயின என்று எண்ணிப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

தெருவோடு முடிவதில்லை. கொல்லைப்புறத்து வடிகால் வாய்க்கால் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டி மேடிட்டிருக்கும். ஊருக்குக் கீழண்டை இருந்த நஞ்சை மனைகளாகப் பிரிக்கப்பட்டு, மண் அடித்து உயர்த்தப்பட்டிருக்கும். ரோட்டுக்குக் குறுக்கே இருந்த பழைய கல் மதகை எடுத்துவிட்டு ஒரு குழாயைப் புதைத்திருப்பார்கள். முன்பு ஆறு மணி நேரத்தில் வடிந்த தண்ணீர் இப்போது இரண்டு நாள் நிற்கும். ஆகவே 1977ஆம் ஆண்டு புயல் வெள்ளத்தில் தப்பிய வீடு என்பதை மட்டுமே நம்பி இருந்துவிடக் கூடாது.

ஆற்றங்கரை பள்ளமா, மேடா?

ஆற்றுக்கு அருகில் இருந்தால் ஆபத்து, தள்ளி இருந்தால் பயமில்லை என்று பொதுவாக நினைக்கிறார்கள். காவிரிப் பாசனப் பகுதியில் இது பாதிதான் சரி. ஆறு காலங்காலமாகக் கரை வழிந்து வண்டலைப் படியவைத்த இடம் கரையோரம். கனமான மணல் முதலில் கரையோரத்திலேயே தங்கும். நைஸான களி தூரத்துக்குப் போகும். இதனால் ஆற்றோரம் மேடாகவும், இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நடுப்பகுதி தாழ்வாகவும் அமைந்துவிட்டது. பழைய ஊர்களும் கோயில்களும் பெரும்பாலும் ஆற்றங்கரை மேட்டில் வரிசையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆற்றிலிருந்து ஒரு மைல் தள்ளி, "தூரமாகத்தானே இருக்கிறது" என்று மனை வாங்குபவர் சில சமயம் அந்த வட்டாரத்திலேயே பள்ளமான இடத்தை வாங்கிவிடுகிறார்.

ஆற்றின் இரு கரைகளுக்குள்ளேயே இருக்கும் படுகை வேறு சங்கதி. கொள்ளிடத்தில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்களில் பெயரிலேயே மேடும் திட்டும் இருக்கின்றன. ஆயினும் 2018 ஆகஸ்டிலும், மறுபடி 2022லும், மேட்டூர் நிரம்பி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி திறக்கப்பட்டபோது அங்கே தண்ணீர் புகுந்து மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. திட்டு என்பது சாதாரண வெள்ளத்துக்குத் திட்டு. பெருவெள்ளத்துக்கு அதுவும் ஆறுதான்.

பழைய நத்தம் மனைகள் இந்த விஷயத்தில் பெரும்பாலும் நம்பத்தக்கவை. குளம் வெட்டி அந்த மண்ணைக் கொட்டி மேடாக்கி வீடு கட்டிய காலத்து மனைகள் அவை. நத்தத்தை விட்டுப் புஞ்சையிலும் நஞ்சையிலும் எழும்பிய புதுத் தெருக்களைத்தான் அளந்து பார்ப்பது மிக அவசியம்.

எந்த வெள்ளத்தைக் கணக்கில் வைப்பது?

இரண்டு வகை வெள்ளத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆடி, ஆவணியில் வருவது ஆற்று வெள்ளம். கர்நாடகத்தில் பெய்து, மேட்டூர் நிரம்பி வருவது. ஐப்பசி, கார்த்திகையில் வருவது உள்ளூர் மழை வெள்ளம். பெரும்பாலும் புயலோடு வருவது. காவிரிப் பகுதிப் பெரியவர்கள் தங்கள் பாட்டன்மார் சொல்லக் கேட்ட பெருவெள்ளம் 1924 ஜூலையில், ரக்தாட்சி வருஷத்து ஆடியில் வந்தது. அப்போது மேட்டூர் அணை கிடையாது. 1934இல் அணை கட்டி முடிந்தபின், 93.47 டி.எம்.சி. கொள்ளளவுக்குள் வெள்ளத்தின் முதல் வேகத்தை அடக்கிக்கொள்ள வழி பிறந்தது. அணை ஏற்கெனவே 120 அடியைத் தொட்டு நிரம்பி இருந்தால் அடக்குவதற்கு இடமில்லை. வந்த தண்ணீர் வந்தபடி போகும். கரை உடைப்பு வேறு இருக்கிறது. முக்கொம்பில் 1836இல் கட்டப்பட்ட மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு இடிந்து போனதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆற்று வெள்ளக் குறியைவிட, கீழ்ப் பகுதியில் பெரும்பாலான வீடுகளுக்கு உதவுவது மழை வெள்ளக் குறிதான். 1977 நவம்பர் புயல், 2005ஆம் ஆண்டு வெள்ளம், 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கரை கடந்த நிஷா புயல், கடலூர் மாவட்டத்தில் 2015, சீர்காழி வட்டாரத்தில் 2022 ஆகிய ஆண்டுகளில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருத் தெருவாகக் கேட்க வேண்டும். ஒருவர் சொல்வதை மட்டும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. வெள்ளத்தை நினைவிலிருந்து சொல்லும்போது முழங்கால் இடுப்பாகவும், இடுப்பு கழுத்தாகவும் ஏறிவிடும். நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் சொன்ன அளவு இன்னும் அதிகமாக இருந்திருக்கும்! மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டினால் நம்பலாம். "எத்தனை அடி?" என்று கேட்பதைவிட "எந்தப் படி வரை? எந்த ஜன்னல் வரை?" என்று கேட்பது மேல்.

ஆளைவிடச் சுவர் சரியாகச் சொல்லும். வெள்ளை அடிக்காத கோயில் மதில், பள்ளிக்கூடத்துப் பின் சுவர், கிணற்றுக் கைப்பிடிச் சுவர், மோட்டார் கொட்டகை ஆகியவற்றில் கலங்கல் நீர் நின்ற கறை கோடாகத் தெரியும். முள்வேலியில் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் சிக்கிய உயரமும் ஒரு குறிதான்; ஆனால் வேகமாக ஓடிய இடத்தில் நீர் மோதி எழும்பியிருக்கும் என்பதால் அதில் சில அங்குலம் கழித்துக்கொள்ளலாம். சுவரில் ஓதம் ஏறிய கறையை வெள்ளக் கறை என்று எண்ணி ஏமாறக் கூடாது. ஓதக்கறை ஏறியும் இறங்கியும் உப்பு பூத்து இருக்கும்; வெள்ளக் கறை ஒரே மட்டத்தில் கோடு இழுத்தாற்போல் எல்லாச் சுவர்களிலும் இருக்கும்.

டியூப் மட்டம்

குறி கிடைத்துவிட்டால் அதை வீடு வரை கொண்டு வருவதுதான் வேலை. கொத்தனார்கள் தளம் போடும்போது பிடிக்கும் அதே டியூப் மட்டம் இதற்குப் போதும். கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரையான எந்தக் கனத்திலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் வாங்கலாம். நீளம் ஐம்பது, அறுபது அடி. ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்து, வாளியை உயரத்தில் வைத்து, டியூபின் ஒரு முனையை உள்ளே விட்டு மறு முனையில் உறிஞ்சி இழுத்தால் குமிழி இல்லாமல் நிரம்பும். இரண்டு முனையிலும் ஓர் அடி காலியாக இருக்கட்டும்.

முதலில் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் உள்ளே எங்கோ குமிழி இருக்கிறது. தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். குமிழியோடு அளந்த அளவு அளவே அல்ல.

ஒருவர் வெள்ளக் குறி உள்ள சுவரருகே ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வீடு இருக்கும் திசையில் டியூப் எட்டும் தூரத்தில் ஒரு முளைக்கழியை அடித்து, அதையொட்டி மறு முனையைப் பிடிக்க வேண்டும். குறியருகே உள்ளவர், தண்ணீர் சரியாகக் குறியில் வந்து நிற்கும்வரை தம் முனையை ஏற்றி இறக்க வேண்டும். ஒரு முனையை அசைத்தால் மறு முனையிலும் நீர் ஆடும். பதறாமல் ஒரு நிமிஷம் காத்திருந்தால் நின்றுவிடும். நின்றதும், கழியருகே உள்ளவர் தம் பக்கம் தண்ணீர் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு இழுக்கிறார். வெள்ளம் வந்த அன்று அந்த இடத்தில் தண்ணீர் எதுவரை நின்றிருக்கும் என்பதே அந்தக் கோடு. இனி அந்தக் கழியிலிருந்து அடுத்த கழிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று போய்க்கொண்டே இருந்தால், கடைசியில் வெள்ளக் கோடு வீட்டுச் சுவருக்கே வந்துவிடும். கணக்குப் போட வேண்டிய வேலையே இல்லை. வழியில் தரை மேடாகிக் கோடு மண்ணுக்குள் போய்விட்டால், அதற்கு முந்திய கழியில் கோட்டுக்குச் சரியாக மூன்றடி மேலே இன்னொரு கோடு போட்டு, அதைக் கொண்டு தொடர்ந்து, வீட்டுச் சுவரில் மூன்றடியைக் கழித்துக்கொள்ளலாம்.

நடக்கும்போது இரு முனைகளையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் சிந்திவிட்டாலும் பாதகமில்லை, புதிதாக மட்டம் பிடித்தால் சரியாகிவிடும். அளக்கும்போது மட்டும் இரு முனையும் திறந்திருக்க வேண்டும். ஒரு முனை அடைத்திருந்தால் அளவு பொய்யாகிவிடும். அவசரத்தில் பலரும் செய்யும் தவறு இதுதான். நல்ல வெயிலில் டியூபின் ஒரு பாதி சுட்டும் மறு பாதி நிழலிலும் இருந்தால் மட்டம் சற்று பிசகும். காலை ஏழு மணி வேலை இது. வீடு வந்து சேர்ந்த பிறகு, வேறு வழியாகத் திரும்பவும் அளந்துகொண்டே புறப்பட்ட சுவருக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பழைய குறியோடு அரை அங்குலத்துக்குள் கூடினால் அளவு சரி. இரண்டு அங்குலம் பிசகினால் மறுபடியும் செய்வதைத் தவிர வழியில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளத்தின் மேல்மட்டமும் சரிவானதுதான். கீழ்ப் பகுதியில் மைலுக்கு இரண்டு அடி வாட்டம் என்று வைத்துக்கொண்டால், 500 அடி தூரத்தில் இரண்டு அங்குலமே வித்தியாசம் வரும், பொருட்படுத்த வேண்டாம். ஒரு மைலுக்கு அப்பால் ரயில் பாலத் தூணில் எழுதியிருக்கும் உச்ச வெள்ளக் குறியைக் கொண்டு வீட்டைக் கணக்கிடுவது சரிப்படாது. நடுவில் ஒரு ரோட்டு மேடோ வாய்க்கால் கரையோ குறுக்கிட்டால் இரு புறமும் நீர் மட்டம் ஒன்றாக இருந்திருக்காது. வீடு இருக்கும் அதே பக்கத்தில் குறியைத் தேட வேண்டும்.

கைத்தொலைபேசி சொல்லும் உயரம்

இப்போது இளைஞர்கள் கைத்தொலைபேசியை எடுத்து, "நம் வீடு கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த வேலைக்கு அது உதவாது. துணைக்கோளைக் கொண்டு தொலைபேசி கணிக்கும் உயரத்தில் பல மீட்டர் பிசகு சாதாரணம். சில கருவிகள் நம் பகுதியில் கடல் மட்டத்துக்குக் கீழே 80 மீட்டருக்கு மேல் என்றுகூடக் காட்டும். அவை பூமியை ஒழுங்கான முட்டை வடிவமாக வைத்துக் கணக்கிடுகின்றன. தென்னிந்தியாவிலோ உண்மையான கடல் மட்டம் அந்தக் கணக்கு மட்டத்துக்கு அவ்வளவு கீழே இருக்கிறது. வரைபடங்களில் கிடைக்கும் உயரங்களில் பல, மேலேயிருந்து ரேடார் கொண்டு எடுத்தவை. தென்னந்தோப்பு இருக்கும் இடத்தில் மட்டையின் உயரமும் கலந்து வரும். நமக்குத் தேவையானது அங்குலக் கணக்கு.

இந்திய நில அளவைத் துறை ஊன்றிய மட்டக் கற்கள் அங்குலச் சுத்தமானவைதான். அந்த மட்டத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட ஒன்பது துறைமுகங்களில் நாகப்பட்டினமும் ஒன்று என்பது இப்பகுதி மக்களுக்குப் பெருமை. ஆயினும் அதே துறையின் தாள்களில் உயரக் கோடுகள் பத்து அல்லது இருபது மீட்டருக்கு ஒன்றாகத்தான் இருக்கும். திருவாரூருக்குக் கிழக்கே பல கிராமங்களுக்குள் ஒரு கோடுகூட விழாது.

எத்தனை அடி மேலே இருந்தால் போதும்?

வெள்ளக் கோட்டுக்குத் தளம் மேலே இருந்தால் மட்டும் போதாது. சுற்றுப்புறத் தரைக்குக் குறைந்தது 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி, பேஸ்மட்டம் இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதி. இது வெள்ளம் வராத ஊருக்கும் சேர்த்துச் சொன்னது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வெள்ளப் பகுதியில் நீர் நிற்கும் மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர், ஏறக்குறைய இரண்டு அடி, மேலே தளம் இருக்க வேண்டும்.

உதாரணமாக, பிள்ளையார் கோயில் மதிலிலிருந்து 2008ஆம் ஆண்டு வெள்ளக் கோட்டைக் கொண்டு வந்து பார்த்ததில், வீட்டுத் தளம் கோட்டுக்கு ஏழு அங்குலம் மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அன்று தப்பிய வீடுதான். ஆனால் இரண்டடிக்கு இன்னும் பதினேழு அங்குலம் குறைகிறது. அதற்குப் பிறகு தெரு ஒன்பது அங்குலம் உயர்ந்திருந்து, தண்ணீர் வடிவது அந்தத் தெருவைத் தாண்டித்தான் என்றால், அதே மழை மறுபடி பெய்யும்போது நீர் அந்த ஒன்பது அங்குலமும் ஏறிய பிறகே வழியும். வீட்டுக்குள் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்.

"இருபத்தைந்து ஆண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம்" என்ற பேச்சும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. ஒரு தடவை வந்துவிட்டால் அடுத்த இருபத்தைந்து ஆண்டுக்குக் கவலையில்லை என்பதல்ல பொருள். ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு நான்கு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அப்படிப் பார்த்தால், முப்பது ஆண்டு குடியிருக்கும் ஒருவர் அந்த வெள்ளத்தை ஒரு முறையாவது காண்பதற்கு நூற்றுக்கு எழுபது பங்கு வாய்ப்பு இருக்கிறது.

கடலோரத்தில் இன்னொரு சங்கடம். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்திலும் புயல் காற்றிலும் கடல் நீர் முகத்துவாரத்தை அடைத்து நிற்பதால் வடிகால் ஆறுகள் கடலில் விழ முடியாமல் எதிர்த்துத் திரும்பும். அங்கே இரண்டடி என்பதை மூன்றடியாக வைத்துக்கொள்வது நலம்.

தளம் குறைவாக இருந்தால்

மண் சுவர் வீடா, செங்கல் சுவர் வீடா என்பதைப் பொறுத்தது. உள்ளே மண் கொட்டித் தளத்தை மட்டும் உயர்த்துவதால் மண் சுவருக்குப் பாதுகாப்பு இல்லை. சுவரின் அடி ஒரு நாள் ஊறினாலே சரிந்துவிடும். அந்த வீட்டில் தண்ணீர் வாசலை எட்டும் முன்பே ஆட்கள் வெளியேறிவிட வேண்டும். செங்கல் சுவராக இருந்தால் தளத்தை ஓர் அடி உயர்த்தலாம். நிலைப்படி உயரம் குறையும், குனிந்து போக வேண்டும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். சுவரும் கடைக்காலும் திடமாக உள்ள வீட்டுக்கே அது பொருந்தும், செலவும் சிறியதல்ல.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்குத்தான் இந்த அளவு மிகவும் பயன்படும். கடைக்கால் பறிப்பதற்கு முன்பே மட்டம் பார்த்துவிட்டால், கூடுதல் இரண்டு அடிக்கு ஆகும் செங்கல்லும் கிராவலும் மட்டுமே செலவு. மனை நிரப்பக் களிமண் கூடாது. ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடித்துத் தளத்தைப் பிளக்கும். கிராவலோ மணலோ ஒன்பது அங்குலக் கனத்தில் பரப்பி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்ட பிறகே அடுத்த அடுக்கு. ஓரச் சரிவில் வெட்டிவேர் நட்டால் மண் கரையாது. மனையை உயர்த்துகிறவர் அடுத்த வீட்டுக்கும் தமக்கும் நடுவே மூன்றடியாவது ஓடை விட வேண்டும். இல்லாவிட்டால் தம் வீட்டில் நிற்க வேண்டிய தண்ணீரைப் பக்கத்து வீட்டில் நிறுத்தியவர் ஆவார். ஊரில் பாதி வழக்கு இப்படித்தான் பிறக்கிறது.

வீட்டுக்கு இழுத்து வந்த கோட்டை அங்கேயே நிறுத்திவிடாமல் மாட்டுக் கொட்டகை, போர்ப்பட்டறை, மோட்டார் கொட்டகை வரை கொண்டு போக வேண்டும். மின்சாரப் பலகையும் மெயின் சுவிட்சும் கோட்டுக்கு மூன்றடியாவது மேலே இருக்கட்டும். கொட்டகை பெரும்பாலும் வீட்டைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும். கட்டிய மாடு தலையைத் தூக்க முடியாமல் செத்துப் போவது இரவில் வரும் வெள்ளத்தில்தான். கோட்டுக்கு மேலே நிற்கக்கூடிய களமோ, வாய்க்கால் கரையோ, கோயில் திடலோ எது என்று இந்த அளவிலேயே தெரிந்துவிடும். மழை வலுக்கும் அன்று மாலையே மாடுகளை அவிழ்த்து அங்கே கொண்டுபோய்விட வேண்டும். விதை நெல்லைப் பத்தாயத்தின் அடியறையில் வைக்காமல், கோட்டுக்கு மேல் வரும் அறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டுச் சுவரில் வந்து சேர்ந்த கோட்டைச் சாக்பீஸாக விட்டுவிடாமல், பெயிண்டால் இழுத்துப் பக்கத்தில் வெள்ளம் வந்த ஆண்டை எழுதி வைக்க வேண்டும். வெள்ளை அடிக்கும்போது அதை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்ல வேண்டும். தெருவில் மறுபடி ரோடு போட ஜல்லி வந்து இறங்கும் அன்று, ஊராட்சியிலும் கண்டிராக்டரிடமும் பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடும்படி கேட்பதற்கு அந்தக் கோடு கையில் இருக்கும் சாட்சி.